நான்காவது குழி

மாட்டுங்காவில் தம்புராவோடு நிற்கும் வெண்கலச் சிலையை இடம் மாற்றப் போகிறார்கள் என்று ராஜன் வந்து சொன்னபோது, நான் கல்யாணில் என் மகள் வீட்டுக் குழாயில் வாளி பிடித்துக்கொண்டிருந்தேன். வாளி நிரம்பிக் காலை நனைத்த பிறகுதான் குழாயை மூட வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

ராஜன் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். கிரேன் கம்பெனியில் சூபர்வைசர். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

"அங்கிள், ரோடு அகலமாகுது. சிலையை அம்பது அடி உள்ள தள்ளி வைக்கணும். டிராயிங் எங்கயும் இல்ல, கமிட்டிகிட்டயும் இல்ல. போல்ட் எவ்ளோ ஆழம்னு யாருக்கும் மாலும் இல்ல. நிறுத்துனவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்னாங்க."

"நாலு போல்ட். ஒவ்வொண்ணும் ஒரு முழம். குழி அதைவிட ரெண்டு விரக்கடை அதிகம்" என்றேன்.

எழுதிக்கொண்டான். போகும்போது, "நம்ம சங்க மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க அங்கிள். கிரேன் இல்லாத காலத்துல எப்படித் தூக்குனீங்கன்னு புதுப் பசங்க கேக்குறாங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அவனிடம் நான் சொன்னது பாதி. மீதிப் பாதியை அறுபதுகளின் நடுவிலிருந்து வயிற்றுக்குள் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதிதான். பாரம் தூக்குகிற விதத்தைப் பற்றிப் படிக்க வந்தவர்களுக்கு அதுவும் இதில் கிடைக்கும்.

நான் வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். பெயர் சுடலைமுத்து. மீசை முளைக்கும்போது தாராவிக்கு வந்து, சயான் போகிற ரோட்டில் ஷெட் போட்டிருந்த ஒரு பாரம் தூக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கயிறு சுமந்தேன், அடுத்த இரண்டு வருஷம் ஸ்லீப்பர் கட்டை சுமந்தேன். பிறகு முடிச்சுகள் கற்றேன். மில்லுக்குப் பாய்லர், அச்சாபீசுக்கு மிஷின், மூன்றாம் மாடி பாங்குக்கு இரும்புப் பெட்டி என்று எதை எதையோ ஏற்றி இறக்கினோம். கல்யாணம் ஆனது. இவ்வளவுதான் என் படிப்பு.

இதெல்லாம் மைதீன் மேஸ்திரியின் கீழே நடந்தது. மேலப்பாளையத்துக்காரர். ஒல்லியான ஆள், ஐம்பது வயசு இருக்கும். பாரம் தூக்குகிற இடத்தில் மேஸ்திரி என்றால் தொண்டை கிழியக் கத்துவார் என்று எல்லோரும் நினைப்பார்கள். இவர் கத்தி நான் கேட்டதே இல்லை. வலது கையில் ஒரு கைக்குட்டை வைத்திருப்பார். அது மேலே போனால் ஏற்று, கீழே வந்தால் இறக்கு, முஷ்டிக்குள் மறைந்தால் அப்படியே நில். வைவதென்றால் பக்கத்தில் வந்து காதோடு வைவார். அது கத்துவதைவிட மோசம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தொங்குகிற பாரத்தைக் கீழே உட்கார வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "கையைக் காட்டுங்கலே" என்பார். நாங்கள் ஆறு பேரும் இரண்டு உள்ளங்கையையும் அவருக்கு நேராக விரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணுவார். பன்னிரண்டு வந்த பிறகு தன் இரண்டு கையையும் எங்களுக்கு விரித்துக் காட்டி, "பதினாலு" என்பார். அதன் பிறகுதான் கைக்குட்டை இறங்கும். பாரத்துக்கு அடியில் எவன் கையும் இல்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. எண்ணுகிறவன் கையும் கணக்கில் உண்டு என்பது அவர் சட்டம். அவர் கீழே வேலை செய்த வருஷங்களில் எங்களில் ஒருவனுக்கும் ஒரு விரல் போகவில்லை. மற்ற கம்பெனிகளில் மோதிரம் போட விரல் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

மத்தியானம் எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிடுவார். ரொட்டியும், ஒரு பித்தளைச் சம்புடத்தில் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டு வருவார். சம்புடத்தின் மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஊறுகாய் முதலில் எங்களைச் சுற்றி வந்துவிட்டு, மிச்சம் இருந்தால் அவருக்குப் போகும்.

தம்புராக்காரரின் வேலை எங்களுக்கு வந்தது ஒரு சித்திரை மாதத்தில். சுதந்திரத்துக்கு முன்னால் ஊர்வலம் போனவர்கள் பாடிய பாட்டுகளுக்கெல்லாம் மெட்டுக் கட்டியவர் அவர் என்று சொன்னார்கள். நாடு முழுக்க அவர் மெட்டில் பாடாத பள்ளிக்கூடம் இல்லையாம். மாட்டுங்காவில் பெரிய ஆபீசுகளில் இருந்தவர்கள் ஒரு நினைவுக் குழு வைத்து, பூங்காவில் இடம் வாங்கி, செம்பூர்ப் பக்கம் ஒரு வார்ப்படச் சாலையில் சிலையை வார்த்திருந்தார்கள். ஆள் உயரத்துக்குமேல் இருக்கும். நின்ற கோலம். தோளில் சாய்த்த தம்புரா தலைக்குமேல் ஒரு முழம் போகும். பாட்டைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? தலைக்கனம் அதிகம், அடி சிறிசு, காற்றுக்கு ஆடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சிலையின் பாதத்துக்கு அடியிலிருந்து நான்கு போல்ட் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கல்பீடத்தில் நான்கு குழி வெட்டியிருக்கும். சிலையை இறக்கும்போது போல்ட் ஒவ்வொன்றும் தன் தன் குழிக்குள் போக வேண்டும். பிறகு சிமெண்டுக் கூழை ஊற்றி, மெல்லிய கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். கூழ் இறுகினால் சிலையும் பீடமும் ஒன்று.

இதைப் போய் வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் மனைவி பேச்சியம்மாளுக்கு அப்போது நிறைமாதம். அதற்கு முன்பு இரண்டு தடவை பிறந்த குழந்தை அழவே இல்லை. இரண்டையும் என் கையால்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன். அவள் அப்பா ஊரில் கோயில் கொத்தனார். சிலையை நிறுத்துவதற்கு முன்னால் குழிக்குள் நவதானியம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள்.

"குழிக்குள்ள என்ன வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"சிமெண்டுதான்."

"வேற ஒண்ணும் இல்லியா? முகம் இருக்கிற எதையும் வெறுங்குழியில நிறுத்தப்படாதுங்க. நிறுத்துனவன் வீட்டுல குழி விழும்னு எங்கய்யா சொல்லுவாரு. நம்ம வீட்டுல ஏற்கெனவே ரெண்டு விழுந்துட்டு."

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏலே முத்து, இது சாமி இல்ல. பாட்டுக் கட்டுன மனுஷன். கோயில்ல சிலைக்கு போல்ட் கெடையாது, மருந்து வச்சு ஒட்டுவாங்க. அங்க தானியம் போடுதது சரி. இங்க குழிக்குள்ள கூழைத் தவிர ஒரு தூசி போவக்கூடாது. போனா நிக்காது. புரியுதா? உன் வீட்டுல சொல்லு, மேஸ்திரி அஞ்சு வேளையும் அவளுக்காக துஆ கேக்கான்னு."

புரிந்தது. தலையை ஆட்டினேன். அன்று மாலை பேச்சி தாராவிக் கடையில் ஒன்பது தானியமும் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, என் சட்டைப் பையில் வைத்தாள். நான் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை.

சிலை நிறுத்துகிற அன்று விடிந்ததும் செம்பூரிலிருந்து லாரி புறப்பட்டது. ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. சயான் வழியாக மாட்டுங்கா வந்து சேர வெயில் ஏறிவிட்டது. பீடத்தின் மேல் மூன்று பெரிய கம்பங்களை முக்காலியாகக் கட்டி, உச்சியில் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியை மாட்டியிருந்தோம். வெண்கலத்தில் கீறல் விழாமல் இருக்க, கயிறு படுகிற இடமெல்லாம் கோணிச்சாக்கு சுற்றினோம். தம்புராவில் கயிறு படக்கூடாது, இடுப்பிலும் அக்குளிலும்தான் பிடிக்க வேண்டும் என்று மேஸ்திரி தானே ஒவ்வொரு சுற்றையும் தொட்டுப் பார்த்தார்.

குழிகளைச் சுத்தம் செய்வது என் வேலை. குழாய் வைத்துத் தூசியை ஊதினேன், தண்ணீர் விட்டு நனைத்தேன், துணியால் ஒற்றி எடுத்தேன். மேஸ்திரி அளவுக்கோடு போட்ட கம்பியை நான்கிலும் விட்டுப் பார்த்து, "சரி" என்றார். பிறகு லாரிக்காரனிடம் ஏதோ பேசப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் நான்காவது குழிக்குள் மஞ்சள் முடிச்சைப் போட்டேன். வடகிழக்கு மூலைக் குழி. கம்பியால் ஒரு அழுத்து அழுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

சிலை எழும்பியது. செயின் பிளாக்கின் பல்லுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பீடத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கும்போது கைக்குட்டை முஷ்டிக்குள் போனது. "கையைக் காட்டுங்கலே." ஆறு பேரும் காட்டினோம். என் உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவர் எண்ணிக்கொண்டே வந்தார், என் கையையும் எண்ணினார், நிற்காமல் அடுத்தவனுக்குப் போனார். "பதினாலு." சிலை இறங்கி உட்கார்ந்தது. கூழ் ஊற்றினோம், குத்தினோம். சாய்வு இருக்கிறதா என்று மேஸ்திரி தன் தூக்குக் குண்டை விட்டுப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நின்றது.

மறுநாள் காலை வந்து மறுபடியும் குண்டு விட்டார். ஒரு நூல் வித்தியாசம். எங்கள் தொழிலில் ஒரு நூல் என்றால் கால் அங்குலத்தில் பாதி. காற்றில் கயிறு ஆடுகிறதோ என்று குண்டைத் தண்ணீர் வாளிக்குள் முக்கித் தொங்கவிட்டுப் பார்த்தார். அப்போதும் ஒரு நூல். ரொம்ப நேரம் நின்றார். பிறகு முக்காலியைப் பிரிக்கச் சொன்னார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

விழா முடிந்த ஐந்தாம் நாள் எனக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்ததும், அது என் குழந்தைதான் என்று தெரிவதற்கு முன்பே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சி கண்ணைத் திறந்ததும், "குழியில போட்டீங்கள்ல?" என்றுதான் கேட்டாள். "போட்டேன்" என்றேன். அந்த நிமிஷம் நான் செய்தது சரி என்றே நம்பினேன். பொய் சொல்வானேன், அதற்குப் பிறகும் பல நாள் நம்பினேன்.

வெள்ளி, ஞாயிறுகளில் சிலையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. பாண்டுப், கல்யாண் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்து பார்த்தார்கள். மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள், பீடத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். நானும் பேச்சியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். அவள் வடகிழக்கு மூலையில் குழந்தையின் நெற்றியை முட்ட வைத்தாள்.

மழை பிடித்தது. ஆவணியில் நினைவுக் குழுவின் செயலாளர் கம்பெனிக்கே வந்துவிட்டார். மாட்டுங்காவின் பழைய குடும்பத்துக்காரர், நயமாகப் பேசுகிறவர்.

"மைதீன், தம்புரா சாயறது. முதல்ல நேக்குக் கண்ணுதான் சரியில்லையோன்னு நெனச்சேன். விளக்குக் கம்பத்தோட சேர்த்துப் பாருங்கோ, நன்னாத் தெரியறது. கவர்னர் வந்து தொறந்து வெச்ச சிலை. பேப்பர்ல போட்டான்னா எங்க மானம் போயிடும்."

போய்ப் பார்த்தோம். தம்புராவின் தலையில் ஒரு விரல் கனத்துக்குச் சாய்வு. வடகிழக்கு மூலையில் பீடத்தின் மேல்கல் மயிரிழையாய் வெடித்திருந்தது. காற்று அடித்தால் சிலை லேசாக அசைந்தது.

மறுபடியும் முக்காலி கட்டினோம், மறுபடியும் தூக்கினோம். மூன்று குழியில் கூழ் கல்லாய் இறுகியிருந்தது. போல்ட்டைச் சுற்றி உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான்காவது போல்ட் சும்மா வந்தது. கூடவே ஒரு நாற்றம் வந்தது. நனைந்த பயறு புளித்து அழுகினால் வருமே, அது. கூழின் ஈரத்தைக் குடித்துத் தானியம் ஊதி, இறுகுவதற்கு முன்பே கூழை விரிசல் விட வைத்து, பிறகு அழுகிக் குழியை வெறுமையாக்கியிருந்தது. வெறுங்குழி கூடாது என்று போட்டது வெறுங்குழியில்தான் கொண்டுபோய் விட்டது.

மேஸ்திரி குனிந்து குழிக்குள் கையை விட்டார். கறுப்பாக ஒரு பசை வந்தது. அதில் ஒரு இழை மஞ்சள் துணி. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகச் செயலாளரிடம் நடந்தார்.

"தப்பு என்னோடது சார். நாலாவது குழியில கூழ் எறங்கல. கம்பி விட்டுக் குத்தும்போது நான் நின்னு பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன். ரெண்டு நாள் குடுங்க, சரியா நிறுத்தித் தாரேன்."

நான் பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் என்று இப்போது சொன்னால் பாதி உண்மைதான். தானியத்தை வெளியே எடுத்தாயிற்று, இனி நானும் வாயால் அதைச் சொல்லிவிட்டால், தொட்டிலில் கிடக்கிறவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். இருபத்தெட்டு வயசு ஆண்பிள்ளை அப்படிப் பயந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. குழியெல்லாம் சுத்தமாகி, சிலை பக்கத்தில் கட்டைகளின் மேல் சாய்ந்திருந்தது. மத்தியானம் மேஸ்திரி, "நீங்க போய்ச் சாப்பிட்டு மெதுவா வாங்கலே" என்று எங்களை அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு அவர் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அன்று போகவில்லை. ஊரார் முகத்தில் விழிக்கக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் திரும்பி வந்தபோது பீடத்தின் நடுவில் புதுச் சிமெண்டுப் பூச்சு ஒரு சாண் சதுரத்துக்கு ஈரமாக இருந்தது.

"நடுவுல கல்லு கொஞ்சம் பள்ளமா இருந்துச்சு, மட்டம் பண்ணினேன்" என்றார்.

கையைக் காட்டினோம். பதினாலு எண்ணினார். சிலை இறங்கியது. அதுதான் அவர் எங்களை எண்ணிய கடைசித் தடவை.

அடுத்த வாரமே முதலாளி அவரை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். செயலாளர் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். யாரை அந்த இடத்தில் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான். ஷெட்டில் கணக்கு முடித்துவிட்டு வெளியே வந்த மேஸ்திரி, தன் தூக்குக் குண்டைக் கயிற்றோடு என் கையில் வைத்தார்.

"புள்ள நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா மேஸ்திரி."

"குடிக்காளா? அழுகாளா?"

"அழுகா மேஸ்திரி. ராத்திரி பூரா அழுகை."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாண்டுப்பில் ஒரு மரக்கடையில் காவலுக்குச் சேர்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் இல்லை. இரண்டாம் தடவை டீ வாங்கிக் கொடுத்து, மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா, தவழ்கிறாளா என்றெல்லாம் விசாரித்தார். பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். சொல்ல வந்ததை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். அறுபதுகள் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். மையத்தைத் தூக்கிப் போகும்போது நானும் தோள் கொடுத்தேன்.

தம்புராக்காரரின் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் போவேன். கூட்டத்துக்குப் பின்னால், பையில் தூக்குக் குண்டோடு நிற்பேன். பாட்டு முடிந்ததும் செயலாளர் பேசுவார். பேச்சில் ஒரு வேடிக்கைக் கதை தவறாமல் வரும். ஒரு மேஸ்திரியின் அஜாக்கிரதையால் சிலை சாய்ந்த கதை. "ரசிகாளுக்குத் தலைவணங்கத்தான் அவர் குனிஞ்சார்னு நாங்க சமாதானப்பட்டுண்டோம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்குப் பிறகு அவர் மகன் செயலாளர் ஆனார். கதை மட்டும் ஆளை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. கூட்டம் கலைந்த பிறகு நான் குண்டு விட்டுப் பார்ப்பேன். மேஸ்திரி இரண்டாம் தடவை நிறுத்தியது ஒரு நூல்கூட அசையவில்லை. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் முதல் தடவை ஏன் அசைந்தது என்று கேட்பார்களே.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். ராஜன் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். புதுப் பீடம் தயாராக இருந்தது. செயலாளரின் மகன், அவரும் இப்போது தலை நரைத்தவர், குழுவினரோடு வந்திருந்தார். நாங்கள் அரை நாள் எடுத்துக்கொண்ட வேலையைக் கிரேன் பத்து நிமிஷத்தில் முடித்தது. ராஜனின் ஆட்கள் போல்ட்டை அறுத்தார்கள், சிலை எழும்பிப் பக்கத்தில் போய் நின்றது.

பழைய பீடத்தின் நடுவில் அந்த ஒரு சாண் சதுரப் பூச்சு மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. கிரேன் ஆள் ஒருவன் கம்பியால் தட்டினான். உள்ளே பொள்ளல். பூச்சு உடைந்தது. கல்லில் அளவாக வெட்டிய ஒரு குழியும், அதற்குள் ஒரு பித்தளைச் சம்புடமும் இருந்தன. மூடியைச் சுற்றி ஈயம் பற்ற வைத்திருந்தது. மூடியில் ஒரு பக்கம் நசுங்கல்.

"என்னது, அந்த மேஸ்திரி டிபன் டப்பாவையும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டானா?" என்றார் செயலாளரின் மகன். குழுவினர் சிரித்தார்கள்.

நான் சம்புடத்தைக் கேட்டு வாங்கினேன். ராஜன் கத்தி முனையால் ஈயத்தை நெம்பிக் கொடுத்தான். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன். நெல், கோதுமை, துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கடலை, கொள்ளு. அடியில் ஒட்டிக் கிடந்த எள். வெளுத்திருந்தாலும் காய்ந்தபடியே இருந்தன. எட்டு. ஒன்பதாவதாக மொச்சை இருக்க வேண்டும். மொச்சை இல்லை. அதன் இடத்தில் வட்டாணா இருந்தது, பம்பாயில் தெருவுக்குத் தெரு விற்கிற காய்ந்த பட்டாணி.

தாராவியில் எந்தத் தமிழ்க் கடையில் நவதானியம் என்று கேட்டிருந்தாலும் ஒன்பதையும் கட்டிக் கொடுத்திருப்பார்கள். மைதீன் மேஸ்திரி அங்கே கேட்கவில்லை. கேட்டால், "பாய், உங்களுக்கு எதுக்கு நவதானியம்?" என்று கேள்வி வரும். கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து நிற்கும். வேறு எங்கேயோ போய், தெரிந்த எட்டையும் தெரியாத ஒன்றையும் தானே பொறுக்கியிருக்கிறார். போல்ட்டுக்குக் கெடுதல் வராத இடத்தில், ஈரம் போகாதபடி அடைத்து, என் பிள்ளைக்காக வைத்திருக்கிறார். தான் நம்பாத ஒன்றுக்காக ஒரு ஜும்மாவை விட்டிருக்கிறார். அவருக்கு முதல் நாளிலேயே எல்லாம் தெரியும். மஞ்சள் ஒட்டிய என் கையை அவர்தானே எண்ணினார். தெரிந்தும், வீட்டில் இருந்த நிறைமாதக்காரிக்காகச் சிலையை இறக்க விட்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். ராஜன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், கியா ஹுவா? யாரு வச்சது இது?"

"என் மேஸ்திரி வச்சது" என்றேன். பிறகு செயலாளரின் மகனைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, நீங்களும் உங்க அப்பாவும் வருஷா வருஷம் சொல்லுத கதை தப்பு. அந்த மேஸ்திரி ஒரு தப்பும் பண்ணல. நாலாவது குழியில தானியத்தைப் போட்டவன் நான். போடாதேன்னு சொன்னவரு அவரு. பழியை எடுத்துக்கிட்டவரும் அவரு. அவரு வேலையைப் பிடுங்கி என்கிட்டதான் குடுத்தாங்க."

முழுவதையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளரின் மகன் சம்புடத்தைப் பார்த்துவிட்டு, "அவர் பேர் என்ன?" என்று கேட்டார். இத்தனை வருஷம் கதை சொன்னவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

"மைதீன்" என்றேன். "இந்த வருஷம் நினைவு நாள்ல நீங்க பேசக்கூடாது. நான் பேசுதேன்."

"பேசுங்கோ" என்றார்.

புதுப் பீடத்தின் நடுவிலும் ஒரு குழி வெட்டச் சொன்னேன். தானியத்தைத் திரும்பச் சம்புடத்தில் போட்டபோது ராஜன், "அங்கிள், மொச்சை வாங்கிட்டு வரட்டா? பக்கத்துலதான் மார்க்கெட்" என்றான்.

"வேண்டாம்பா. வட்டாணாவே இருக்கட்டும்."

ஈயம் வைத்து அடைத்து, குழிக்குள் வைத்துப் பூசினோம். சிலை எழும்பி வந்து புதுப் பீடத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. கிரேன்காரன் இறக்கப் போனான். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

"எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. ராஜன் இந்தியில் அதட்டியதும் ஆறு பேரும் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தார்கள். ஒவ்வொன்றாக எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. பிறகு என் இரண்டு கையையும் விரித்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினேன். எள் ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பதினாலு" என்று சொல்லி, கிரேன்காரனைப் பார்த்துக் கையை இறக்கினேன்.